துப்புரவுப் பொறிகளுக்கு உலோகமல்லாத சுழற்சில்லுகள்

சீமெந்துக் களத்திலே நெல் தூற்றும் பொறி நிற்கின்றது. காலையில் வெள்ளையரிசியைத் தரும் பீ.ஜீ. 352 விதைநெல் துப்புரவாக்கப்பட்டது. பிற்பகலிற் சிவப்பரிசியைத் தரும் ஏ.ரீ. 362 துப்புரவாக்கப்பட இருக்கின்றது. இவ்விரு வேலைகளுக்கும் இடையே பொறியைச் சற்று அப்பால் நகர்த்தி, அதன் கீழே தங்கியுள்ள நெல்லைக் கூட்டி அள்ளுதல் வேண்டும். ஆனாற் பொறியின் ஒரு சில்லு கறள் பிடித்து இறுகிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து தூக்கினாலன்றிப் பொறி நகராது. அந்நேரத்தில் நான்கு பேர் களத்திலில்லை. ஆகவே, பொறி நின்ற இடத்திலேயே நிற்க, எட்டிய மட்டும் கூட்டிவிட்டு வேலை தொடங்கப்படுகின்றது. எட்டாத இடத்திற் கிடந்த நெல் புதிய விதையுடன் கலக்கின்றது. அடுத்த போகத்தில் வயலிலே பிறவினக் கதிர்கள் தலைகாட்டும்போது, அதன் காரணம் ஒரு சிறு சில்லு என்பதை எவரும் நினைப்பதில்லை.

மரக்கறிச் செய்கையாளரின் நிலையும் இதுவே. கரட், பீற்றூட், லீக்ஸ் முதலியவற்றைக் கழுவும் மேசைகளையும் தொட்டிகளையும் நாள்தோறும் நகர்த்தி, அவற்றின் கீழுள்ள சேற்றையும் அழுகிய இலைகளையும் அகற்றாவிடின், கழுவுமிடமே அழுகல் நோய் பரவுமிடமாகிவிடும்.

துப்புரவாக்கும் பொறி தன்னளவில் துப்புரவாயிருத்தல் வேண்டும். அதற்கு அது எளிதில் நகரத்தக்கதாயிருத்தல் இன்றியமையாதது. கட்டில்களின் கால்களிலும் வைத்தியசாலைத் தள்ளுவண்டிகளிலும் காணப்படும், எப்பக்கமும் திரும்பக்கூடிய சிறு சில்லையே இங்கு சுழற்சில்லு என்கின்றோம். நீரிலும் தூசியிலும் நெடுங்காலம் உழைக்கத்தக்க உலோகமல்லாத சுழற்சில்லுகளை எவ்வாறு அமைத்தல் அல்லது தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

உலோகச் சில்லுகள் கெடுவது ஏன்?

இரும்பு நீராலும் காற்றாலும் கறள் பிடிக்கின்றது. உப்புத்தன்மை சேருமிடத்து இது விரைவுபடும். கடற்கரையை அண்டிய பகுதிகளின் காற்றிலும், பொற்றாசு மியூரியேற்று என்னும் பசளையிலும் குளோரைட்டு உண்டு. பசளை மூடைகளை ஏற்றிய அதே வண்டியை நீரூற்றிக் கழுவும்போது, இவ்வுப்பு சில்லின் இடுக்குகளிற் சென்று தங்குகின்றது. நாகம் பூசிய இரும்பு சில காலம் தாங்கும். எனினும், சில்லுத் தரையிலே தேய, அச்சு துளையிலே தேய, நாகப்பூச்சு முதலில் அழிவது வேலைசெய்யும் அவ்விடங்களிலேயாம்.

இரண்டாவது எதிரி தூசியாகும். நெல் உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். ஆகவே உமித்தூசி உலோகத்தையும் அராவ வல்லது. சுழலும் பகுதியில் உருக்குக் குண்டுகளை வைத்துக் கிறீசு பூசியவிடத்து, கிறீசு இத்தூசியைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக மாறிவிடுகின்றது. கிறீசு பூசப்பூசச் சில்லுத் தேய்வதாகக் கமக்காரர் முறையிடுவதற்கு இதுவே காரணம்.

உலோகமல்லாத பொருள்கள் கறள் பிடிப்பதில்லை. அவற்றுட் பல கிறீசு இன்றியே வழுக்கி இயங்குவன. இம்முறை புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, நீராவிக் கப்பல்களின் பின்புறச் சுழலியை ஏந்திய அச்சுக்கு, வெண்கலத்துக்குப் பதிலாக மிக வைரமான ஒருவகை மரத்துண்டுகள் இடப்பட்டன. கடல் நீரே அவற்றுக்கு எண்ணெயாக உதவியது. உலோகம் தேய்ந்தழிந்த இடத்தில் மரம் நின்றுபிடித்தது.

ஆயினும், இரும்பை நீக்கிப் பிளாத்திக்கை இட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. இரும்புச் சில்லின் அளவிலேயே வார்க்கப்பட்ட பிளாத்திக்குச் சில்லு ஒரு போகத்துக்குள் வெடித்தோ, வளைந்தோ, இறுகியோ போகலாம். பொருளுக்கேற்ப வடிவமும் மாறுதல் வேண்டும்.

பொருள்களும் அவற்றின் இயல்புகளும்

நைலோன்: 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உண்டாக்கப்பட்ட இப்பொருள் வலிமையும் தேய்வு தாங்கும் தன்மையும் உடையது. பாரமான பொறிகளுக்கு உகந்தது. ஆனால் இது நீரைக் குடிக்கும். நீரில் நெடுங்காலம் கிடக்கும் சாதாரண நைலோன் தன் நிறையில் நூற்றுக்கு 9 பங்கு வரை நீரை ஏற்று, அளவில் நூற்றுக்கு 2 பங்கு அல்லது அதற்குச் சற்று மேலாகப் பருக்கும். இதன் விளைவைப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

பொலிபுறொப்பிலீனும் அடர்த்திகூடிய பொலித்தீனும்: இவை நீரை ஏற்பதில்லை எனலாம். பசளை, சவர்க்காரம், கிருமிநீக்கி ஆகியவற்றாலும் எளிதிற் பாதிக்கப்படா. விலையும் குறைவு. நைலோனிலும் மென்மையானவை ஆகையாற் பாரம் குறைந்த கழுவு மேசைகளுக்கே ஏற்றவை. பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாத பொலிபுறொப்பிலீன் வெயிலிற் கிடந்தால் மேற்பரப்பு வெண்பொடியாகி நொறுங்கத் தொடங்கும். கரித்தூள் சேர்த்துக் கறுப்பாக வார்க்கப்பட்டது வெயிலை நன்கு தாங்கும்.

அசெற்றல்: விறைப்பானது, வழுக்கும் தன்மை மிக்கது, நைலோனைப் போல நீரைக் குடிப்பதில்லை. அச்சுக்கும் உட்குழாய்க்கும் மிகப் பொருத்தமானது. ஆயின், குளோரீன் மிகுந்த நீரில் நெடுங்காலம் ஊறவிடலாகாது.

இறப்பர்: 1876 ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நாட்டப்பட்ட கன்றுகளுடன் இலங்கைக்கு வந்த இறப்பர், இன்று இந்நாட்டைத் திண்ம றயர் உற்பத்தியில் உலகறியச் செய்துள்ளது. இறப்பர் விளிம்புள்ள சில்லு கரடான தரையில் அதிர்ச்சியைத் தாங்கும். நனைந்த சீமெந்தில் வழுக்காது. ஆனால், எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். ஒரே நிலையில் நெடுநாள் பாரத்துடன் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகும்.

பொலியூறித்தேன்: இறப்பரிலும் நெடுநாள் தேயாதுழைப்பது. இதில் இரு வகைகளுண்டு. பொலியெசுத்தர் வகை ஈரமும் வெப்பமும் சேர்ந்தவிடத்து நாளடைவிற் சிதைந்து உதிரும். பொலியீதர் வகையே கழுவுமிடங்களுக்கு உரியது. வாங்கும்போது எவ்வகை என்று விற்பனையாளரிடம் கேட்டறிதல் நன்று.

பாரத்தைக் கணித்தல்

நான்கு சில்லுகள் உள்ளமையாற் பாரத்தை நான்காற் பிரித்தல் போதுமென்று பலர் கருதுவர். இது பிழை. எந்தக் களமும் முற்றிலும் மட்டமானதன்று. ஒரு சில்லு பள்ளத்தின்மேல் வரும்போது மற்றை மூன்றுமே முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. ஆகவே மூன்றாற் பிரித்தலே முறை.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். தூற்றும் பொறியின் நிறை 80 கிலோகிராம். அதன் வாயில் இரண்டு புசல் நெல் இடலாம். ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோகிராமாகையால், இது 42 கிலோகிராமாகும். வேலைசெய்பவர் பொறியிற் சாய்வதற்கும் சாக்குகளை அதன்மேல் வைப்பதற்குமாக 28 கிலோகிராமைச் சேர்த்தால், மொத்தம் 150 கிலோகிராம். இதை மூன்றாற் பிரிக்க, ஒரு சில்லுக்கு 50 கிலோகிராம் வருகின்றது. கற்களிலும் வெடிப்புகளிலும் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சிக்காக இதனை இருமடங்காக்குக. எனவே, 100 கிலோகிராம் தாங்கும் எனக் குறிக்கப்பட்ட சில்லே இப்பொறிக்கு வேண்டியது.

சில்லின் விட்டம்

விலை குறைவென்று சிறிய சில்லுகளை வாங்குதல் வீண் செலவாகும். களத்திலே 10 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு கல்லோ சீமெந்து விளிம்போ குறுக்கிடுகின்றது என்க. ஒரு சில்லின்மேல் 30 கிலோகிராம் பாரம் இருக்கும்போது, அக்கடினமான சில்லை அத்தடையின்மேல் ஏற்றுவதற்கு வேண்டிய தள்ளுவிசை வருமாறு:

50 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு: ஏறத்தாழ 40 கிலோகிராம்.
100 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு: ஏறத்தாழ 22 கிலோகிராம்.
150 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு: ஏறத்தாழ 17 கிலோகிராம்.
200 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு: ஏறத்தாழ 15 கிலோகிராம்.

இரண்டு சில்லுகள் ஒரே நேரத்தில் விளிம்பிலே முட்டினால் இவ்விசை இருமடங்காகும். 50 மில்லிமீற்றர்ச் சில்லுப் பூட்டிய பொறியை அப்போது தனியொருவராற் தள்ள இயலாது. பலவந்தமாகத் தள்ளினாற் பொறி முன்னோக்கிக் கவிழவும் கூடும். 150 மில்லிமீற்றருக்கு மேல் விட்டத்தைப் பெருக்குவதாற் கிடைக்கும் நன்மை சிறிது. விலையும் பொறியின் உயரமும் கூடுகின்றன. ஆகவே, வீட்டுக் களத்துக்கு 150 மில்லிமீற்றரும், மட்டமான சீமெந்துத் தரையுள்ள கழுவுமிடத்துக்கு 100 மில்லிமீற்றரும் ஏற்றவை எனலாம். மண் தரையில் ஒடுங்கிய சில்லுப் புதையும். அங்கு அகன்ற சில்லு வேண்டும்.

சில்லின் பக்கங்கள் மட்டமாக மூடியிருத்தல் விரும்பத்தக்கது. ஆரக்கால்களுக்கும் விலா எலும்புகள் போன்ற தடிப்புகளுக்கும் இடையே சேறும் வைக்கோலும் அடையும். உள்மூலைகள் கூராக இருத்தலாகாது. பிளாத்திக்கில் வெடிப்பு கூர் மூலையிலேயே தொடங்கும். மூலைகளை வளைவாக அமைத்தல் வேண்டும்.

அச்சும் உட்குழாயும்

பெரும்பாலான சில்லுகள் விளிம்பிலே கெடுவதில்லை, நடுவிலேதான் கெடுகின்றன. நைலோன் பருக்கும் என்று மேலே கூறினோம். ஒரு நைலோன் சில்லின் நடுப்பகுதி 50 மில்லிமீற்றர் அகலமாயின், நன்கு ஊறியபின் அது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அகலும். சில்லைத் தாங்கும் கவைக்கும் சில்லுக்கும் இடையே அவ்வளவு வெளி விடப்படாவிடின், சில்லு கவையில் உராய்ந்து இறுகும். காய்ந்த நிலையில் இலகுவாகச் சுழன்ற சில்லு மாரியில் நின்றுபோவது இதனாலேயே. இருபுறமும் 1 மில்லிமீற்றர் வீதம் வெளி விடுதல் வேண்டும்.

நைலோன் உட்குழாயைக் கடினமான சில்லினுள் இறுக்கமாகச் செருகியவிடத்து வேறொரு தொல்லை நேரும். வெளிப்புறமாகப் பருக்க இடமின்மையால் அது உட்புறமாகப் பருத்து, அச்சை நெரிக்கும். இத்தகைய இடத்துக்கு அசெற்றல் உட்குழாயே நலம். நைலோனையே பாவிக்க நேரின், துண்டைச் சில வாரங்கள் நீரில் ஊறவிட்டு, அதன்பின்னர் கடைச்சற் பட்டறையில் துளையை ஒப்பேற்றுவித்தல் வேண்டும். தடித்த நைலோனில் நீர் மெதுவாகவே இறங்கும். இரண்டொரு நாள் ஊறல் போதாது.

அச்சையும் உலோகமின்றி அமைக்க விரும்புவோர் அதன் பருமனைக் கவனித்தல் வேண்டும். ஒரே பருமனான இரு அச்சுக்களுள், அசெற்றல் அச்சு உருக்கு அச்சிலும் ஏறத்தாழ 65 மடங்கு எளிதில் வளையும். ஆனால் அச்சின் விட்டத்தை இருமடங்காக்கினால் விறைப்பு 16 மடங்காகும். இதன்படி, 10 மில்லிமீற்றர் உருக்கு அச்சின் விறைப்பை முழுதும் பெறுவதற்கு ஏறத்தாழ 29 மில்லிமீற்றர் விட்டமுள்ள அசெற்றல் அச்சு வேண்டும். கவையின் இரு கரங்களுக்கும் இடைத்தூரம் குறுகியிருப்பின், பாரம் குறைந்த கழுவு மேசைக்கு 20 மில்லிமீற்றர் போதும். பாரமான தூற்றும் பொறிக்கு, கறள் பிடியாத உருக்கு அச்சை மட்டும் வைத்து ஏனையவற்றை உலோகமின்றி அமைத்தலே சிக்கனமான வழி. கொள்கைக்காக உறுதியை இழத்தல் புத்தியன்று.

ஒன்றோடொன்று உராயும் இரு பகுதிகளையும் ஒரே பிளாத்திக்கினாற் செய்தலாகாது. அவை விரைவிற் தேயும். நைலோன் சில்லுக்கு அசெற்றல் அச்சு என்றவாறு வேறுபட்ட பொருள்களை இணைத்தல் நன்று. அச்சின் இரு முனைகளிலும் சில்லைச் சார்ந்து வட்டத் தகடொன்றை இட்டால், வைக்கோலும் சாக்கு நூலும் அச்சிற் சுற்றுவது குறையும்.

கவையும் சுழலாணியும்

சில்லு எப்பக்கமும் திரும்புவதற்குக் காரணம், அதன் அச்சு சுழலாணிக்கு நேர்கீழே இல்லாது சற்றுப் பின்தள்ளி இருப்பதாகும். கயிறு கட்டி இழுக்கப்படும் மரக்குற்றி, இழுப்பவர் செல்லும் திசைக்கே திரும்பித் தொடர்வதுபோல, சில்லும் சுழலாணியைத் தொடர்கின்றது. இப்பின்தள்ளல் மிகக் குறைந்தாற் சில்லுத் திரும்ப மறுக்கும். மிகக் கூடினாற் கவை ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு வளையும். 100 மில்லிமீற்றர்ச் சில்லுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் பின்தள்ளல் பொருத்தமானது.

இப்பின்தள்ளல் காரணமாகப் பாரம் சுழலாணியை எப்போதும் சரிக்க முயல்கின்றது. இரும்பு இதைப் பொறுக்கும், பிளாத்திக்கு பொறாது. எனவே, சுழலாணியைக் கட்டையாக அமைக்காது, நீளமாகவும் தடிப்பாகவும் அமைத்து, மேலும் கீழுமாக இரண்டு இடங்களிற் தாங்குதல் வேண்டும். பாரம் இறங்கும் இடத்தில் அகன்ற, தட்டையான அசெற்றல் வளையம் ஒன்றை இடுக. உருக்குக் குண்டுகள் ஒரு புள்ளியில் அழுத்திப் பிளாத்திக்கிலே குழி உண்டாக்கும்; அகன்ற வளையமோ பாரத்தைப் பரப்பித் தாங்கும்.

சுழலாணியின் கூட்டுக்குக் கீழே ஒரு வடிதுளை இருத்தல் அவசியம். நீர் நுழையாதபடி அடைப்பதிலும், நுழைந்த நீர் வடிந்தோட வழிவிடுதல் மேலானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளைப் போன்று வன்மையான நீர் உள்ள இடங்களில், தேங்கிய நீர் வற்றும்போது விடும் வெண்படிவும் இயக்கத்தைத் தடுக்கும்.

சில்லுகளைப் பூட்டும் முறையும் தடையும்

நீண்ட தூரம் நேராகத் தள்ளவேண்டிய பொறிக்கு, முன்னே இரண்டு நிலைச்சில்லுகளும், தள்ளுபவரின் பக்கத்தில் இரண்டு சுழற்சில்லுகளும் பூட்டுக. ஒடுங்கிய கொட்டிலினுள் திருப்பவேண்டிய மேசைக்கு நான்கும் சுழற்சில்லுகளாயிருக்கலாம். ஆனால், சரிவான தரையில் இவ்வகை மேசை பக்கவாட்டில் வழுகிச் செல்லும். களங்கள் நீர் வடிவதற்காகச் சரிவாகவே கட்டப்படுகின்றன என்பதை மறத்தலாகாது. குறைந்தது இரண்டு சில்லுகளுக்காயினும் காலால் அழுத்தும் தடை வேண்டும்.

தூற்றும் பொறி இயங்கும்போது அதிரும். அவ்வதிர்வைச் சில்லுகளின்மேல் விடாது, பொறிக்குச் சொந்தக் கால்களை அமைத்து, வேலைநேரத்திற் கால்களை இறக்கிச் சில்லுகளை நிலத்திலிருந்து சற்று உயர்த்திவிடுதல் உத்தமம். பொறி இடம்பெயராது; சில்லுகளும் நெடுநாள் உழைக்கும். சிறுவர் நடமாடும் முற்றத்தில் இது பாதுகாப்புக்கும் உகந்தது.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

1. அச்சைக் கழற்றிச் சில்லை மட்டும் நீரில் இடுக. கலப்பற்ற பொலிபுறொப்பிலீனும் பொலித்தீனும் மிதக்கும்; நைலோனும் அசெற்றலும் தாழும். நைலோன் என விற்கப்படும் சில்லு மிதந்தால் அது நைலோனன்று. கண்ணாடி நார் சேர்த்த பொலிபுறொப்பிலீன் தாழலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

2. சில்லைக் கையாற் சுழற்றுக. எங்கும் பிடிக்காது சுழல்தல் வேண்டும். பின்னர் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. சிறிதளவு ஆட்டம் குறையன்று, அதுவே பருப்பதற்கான இடம்.

3. கவையின் மூலைகளைப் பார்க்க. வெண்மையான கோடு அல்லது மயிரிழை போன்ற வெடிப்புக் காணப்படின் அதனை வாங்கற்க.

4. சுழலாணிக் கூட்டில் நீரூற்றுக. ஊற்றிய நீர் கீழே வடியவேண்டும்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சில்லுகளை நீராற் கழுவி, அச்சிற் சுற்றிய நார்களைக் கத்தியால் அறுத்தெடுக்குக. கிறீசோ எண்ணெயோ பூச வேண்டியதில்லை. பூசுவது தூசியைச் சேர்ப்பதாகும். பாவனையற்ற வேளைகளிற் பொறியை நிழலில் வைக்குக.

இவை யாவற்றிலும் பெரிதும் மறக்கப்படுவது ஒன்றுண்டு. பிளாத்திக்கு, இரும்பைப் போலன்றி, நெடுங்காலம் ஒரே பாரத்தின் கீழ் நின்றால் மெல்லமெல்ல வடிவம் மாறும். போகம் முடிந்து அடுத்த போகம் வரை சில்லுகளின்மேல் நின்ற பொறியின் சில்லுகள் தட்டையாகி, தள்ளும்போது குலுங்கும். ஆகையால், போகமுடிவிற் பொறியை மரக்குற்றிகளின்மேல் ஏற்றிச் சில்லுகளுக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும். இதற்குச் செலவொன்றும் இல்லை.

நான்கு சில்லுகளில் ஒன்று பழுதடையின் அதனை மட்டும் மாற்றலாம். ஆயின் விட்டம் ஏனையவற்றுக்குச் சமமாயிருத்தல் அவசியம். அயலிலுள்ள கமக்காரர் ஒரே அளவான சில்லுகளைத் தெரிந்து பூட்டுவரேல், உதிரியாக ஒன்றிரண்டை வாங்கிப் பொதுவில் வைத்திருப்பதும் எளிது.

முடிவுரை

பாரத்தை மூன்றாற் பிரித்து இருமடங்காக்குதல். களத்துக்கேற்ற விட்டத்தைக் கொள்ளுதல். நீரிற் பருப்பதற்கு இடம் விடுதல். சுழலாணியை நீளமாக அமைத்து நீர் வடியச் செய்தல். போகமுடிவிற் பாரத்தை இறக்குதல் ஆகிய ஐந்தையும் கவனித்தால், உலோகமல்லாத சுழற்சில்லு பல போகங்களுக்கு உழைக்கும். அவ்வாறான சில்லுகள் பூட்டிய பொறியை, ஓர் இனத்தைத் துப்புரவாக்கி மற்றையதைத் தொடங்குமுன், ஒருவரே ஒரு கையால் அப்பால் தள்ளி, அதன் கீழே கிடக்கும் கடைசி நெல் மணியையும் கூட்டி எடுக்கலாம். விதையின் தூய்மை அங்கேயே காக்கப்படுகின்றது.